ஐந்து பேருக்குச் சுடுதண்ணீர்: எந்த ஹீட்டர், மாட்ட எவ்வளவு செலவு?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் நான்கறை வீட்டின் பொதுக் குளியலறையில், ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. முதல் நாள் உள்ளங்கை அகலம். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டு அளவு. மேல் வீட்டிலிருந்து கசிகிறதோ என்று பயந்துகொண்டே பலகையைக் கழற்றிப் பார்த்தேன். எங்கள் ஸ்டோரேஜ் ஹீட்டரின் அடிப்பக்கம் துருப்பிடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டை எங்களுக்கு விற்றவர் மாட்டியிருந்த 25 லிட்டர் தொட்டி அது. தொட்டியே ஓட்டையான பிறகு ஒட்டுப்போட வழியில்லை, புதிதுதான் வாங்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியோடு என் அம்மா. வெந்நீர் இல்லாத நாளில் அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. அதனால் அவசரம். ஆனால் ஒரு வாரம் விசாரித்ததில் வந்த விலைகள் தலைசுற்ற வைத்தன. ஒரு கடையில் 160 வெள்ளி என்றார்கள், இன்னொரு இடத்தில் 4,000 வெள்ளி என்றார்கள். இரண்டுமே சுடுதண்ணீர் தரும் பெட்டிதான். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் வீட்டில் பாய்லர் என்றால் அது குளிப்பதற்கும் வேண்டும், குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கவும் வேண்டும். நமக்கு அந்தப் பாரம் இல்லை. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே ஏறத்தாழ 28 டிகிரியில் வருகிறது. இதமான குளியலுக்கு 40 டிகிரி போதும். ஆக, ஹீட்டர் செய்ய வேண்டிய வேலை வெறும் 12 டிகிரி ஏற்றுவது. இந்த 12 டிகிரியை மனத்தில் வைத்துக்கொண்டால், கடைக்காரர் சொல்வதில் எது தேவை, எது தேவையில்லை என்பது தானாகத் தெரியும்.

முதலில் மெயின் சுவிட்ச்

ஹீட்டர் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டு டிபி பாக்ஸைத் (மின்சாரம் பிரிந்து போகும் பெட்டி) திறந்து மெயின் சுவிட்சில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் புளோக்கில் பல வீடுகளுக்கு வேலை செய்திருக்கும் ஒரு மின்பணியாளர். "தம்பி, ஹீட்டர் விலையை அப்புறம் பாருங்க. ஒயர் எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க" என்றார். நான் கேட்ட ஆலோசனைகளில் இதைவிட உபயோகமானது வேறில்லை.

1994-க்கு முன்பு கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 30 ஆம்ப் இணைப்புதான் கொடுத்தார்கள். பிறகு வந்தவற்றுக்கு 40 ஆம்ப். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட். 30 ஆம்ப் என்றால் ஒரே நேரத்தில் வீடு முழுவதற்கும் 6.9 கிலோவாட், 40 ஆம்ப் என்றால் 9.2 கிலோவாட். ஒரு சாதாரண இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3.3 கிலோவாட் இழுக்கும், அதாவது 14 ஆம்புக்குக் கொஞ்சம் மேல். இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் போட்டால் 28.7 ஆம்ப். 30 ஆம்ப் வீட்டில் அதோடு ஒரு ஏர்கானும் கெட்டிலும் சேர்ந்தால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். ஷாம்பு நுரையோடு இருட்டில் நிற்க வேண்டியதுதான்.

பழைய வீடு என்றாலும் எல்லாமே 30 ஆம்பில் நிற்கவில்லை. 2007-இல் அறிவிக்கப்பட்ட வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தின் அத்தியாவசிய வேலைகளில் மின்சுமையை உயர்த்துவதும் ஒன்று. 1986 வரை கட்டிய வீடுகளுக்கென்று தொடங்கிய அந்தத் திட்டம் 2018-இல் 1997 வரை கட்டிய வீடுகளுக்கும் விரிந்தது. எங்கள் வீட்டுக்கு அந்த வேலை முடிந்திருந்தது. சுவிட்சில் 40 என்று பார்த்தபோது உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. உங்கள் வீட்டில் 30 என்றிருந்தால் இரண்டு இன்ஸ்டன்ட் ஹீட்டர் என்ற எண்ணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம், அல்லது மின்சுமையை உயர்த்தும் செலவையும் அதோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இன்ஸ்டன்ட் ஹீட்டர்

சிங்கப்பூரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி. தண்ணீர் உள்ளே ஓடும்போதே சூடாகும். காத்திருக்க வேண்டியதில்லை, தொட்டி கிடையாது, துருப்பிடித்துச் சீலிங்கில் வழியும் பயமும் இல்லை. நான் விசாரித்த கடைகளில் பெட்டி விலை 130 முதல் 350 வெள்ளி வரை இருந்தது. விலை கூடக் கூட நீரழுத்தத்தைக் கூட்டும் பம்ப், வெப்பநிலை காட்டும் திரை, பெரிய ஷவர் தலை என்று சேர்ந்துகொண்டே போகும்.

இதன் குறையை வியாபாரிகள் தெளிவாகச் சொல்வதில்லை, அதனால் நான் எண்ணோடு சொல்கிறேன். 3.3 கிலோவாட் பெட்டி நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீரைத்தான் 12 டிகிரி ஏற்ற முடியும். 4 லிட்டர் என்பது கைஷவருக்குப் போதும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் பெரிய மழை ஷவரை அதே பெட்டியில் மாட்டினால் தண்ணீர் 5 டிகிரிகூட ஏறாது, 33 டிகிரிக்குள் வெதுவெதுப்பாக நின்றுவிடும். "ஹீட்டர் சரியில்லை" என்று பலர் புகார் சொல்வது இதனால்தான். ஹீட்டரில் பழுதே இருக்காது. ஒரு குறிப்பிட்ட மின்சாரத்தால் ஒரு நிமிடத்தில் இவ்வளவு தண்ணீரைத்தான் இவ்வளவு சூடாக்க முடியும், எந்த பிராண்டாலும் அதைத் தாண்ட முடியாது. குளிர்ந்த மழைநாளில் குழாயைக் கொஞ்சம் மூடினால் சூடு கூடுவதும் அதே காரணத்தால்தான்.

அதே சமயம் இந்தக் குறைதான் மின்கட்டணத்தைக் கட்டுப்படுத்துகிறது. 3.3 கிலோவாட் பெட்டி பத்து நிமிடக் குளியலில் 0.55 யூனிட்டுக்கு மேல் எடுக்கவே முடியாது. மின்சாரத்துக்கு யூனிட் 30 காசு என்று வைத்துக்கொள்கிறேன். மின்சாரம் விநியோகிக்கும் எஸ்பி குழுமத்தின் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்றாலும், 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு சேர்த்தால் அண்மைக் காலத்தில் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆக ஒரு குளியலுக்கு 16 அல்லது 17 காசு. ஐந்து பேர், மாதம் 150 குளியல் என்றால் 25 வெள்ளி. மகன் கண்ணாடி முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு இருபது நிமிடம் எடுத்தால் அதற்கேற்ப ஏறும், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு விஷயம். சாதாரண இன்ஸ்டன்ட் பெட்டி தன்னோடு வரும் ஷவருக்கு மட்டும்தான் வெந்நீர் தரும், கைகழுவும் தொட்டிக்கு வராது. வெளியே போகும் பக்கம் திறந்தே இருக்க வேண்டிய அமைப்பு அது. அதனால் தண்ணீரை நிறுத்தும் பொத்தான் வைத்த ஷவர் தலையை அதில் மாட்டக் கூடாது. அப்புறம், நீரழுத்தம் குறைவான மேல்மாடி வீடுகளில் பெட்டியின் உள்ளே இருக்கும் சுவிட்ச் தண்ணீர் ஓட்டத்தை உணராமல் பெட்டி இயங்காமலே போகலாம். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பம்ப் வைத்த மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சரியான செலவு. நல்ல அழுத்தம் உள்ள வீட்டுக்கு அது தேவையில்லை.

எங்கள் வீட்டில் பெரிய கேள்வி வாளிதான். அம்மா சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். சீயக்காய் அரப்பு எல்லாம் போக ஷவர் சரிப்படாது, வாளியும் குவளையும் வேண்டும். இன்ஸ்டன்ட் ஹீட்டரில் 15 லிட்டர் வாளியை 42 டிகிரிக்கு நிரப்ப நாலரை நிமிடம் ஆகும். இரண்டு வாளிக்கு ஒன்பது நிமிடம். இதை அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எண்ணெய் ஊறவே அரைமணி நேரம் ஆகும். அதுக்குள்ள நாலு வாளி ரொம்பிடாதாடா?" என்றார். நான் எண்களோடு இரண்டு நாள் போராடிய கேள்வி அதோடு தீர்ந்தது.

ஸ்டோரேஜ் ஹீட்டர்

இதுவரை எங்களிடம் இருந்தது இது. தொட்டியில் தண்ணீரை 60, 65 டிகிரிக்குச் சூடாக்கி வைத்துக்கொண்டு, குழாயில் பச்சைத் தண்ணீரோடு கலந்து தரும். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குளியலறைக்கும் குழாய் போகலாம், கைகழுவும் தொட்டிக்கும் போகலாம், மழை ஷவருக்கும் தாராளமாக வரும். 15 முதல் 30 லிட்டர் தொட்டிகளுக்கு நான் கேட்ட விலை 200 முதல் 450 வெள்ளி.

25 லிட்டர் என்றதும் 25 லிட்டர் வெந்நீர்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 65 டிகிரி தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரி ஆக்கினால் அது 77 லிட்டர் ஆகிறது. நிமிடத்துக்கு 8 லிட்டர் ஷவரில் கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஒருவர் குளிக்கலாம். அடுத்தவர் காத்திருக்க வேண்டும். 3 கிலோவாட் கம்பிச்சுருள் மறுபடி தொட்டியைச் சூடாக்க இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கும்.

தீபாவளி விடிகாலையை வைத்துப் பார்த்தேன். ஐந்து பேர், ஆளுக்கு 30 லிட்டர், மொத்தம் 150 லிட்டர். ஸ்டோரேஜில் முதல் 77 லிட்டர் உடனே வரும், மீதி 73 லிட்டருக்கு இன்னும் இருபது நிமிடம் சூடாக்க வேண்டும். ஓர் இன்ஸ்டன்ட் பெட்டி அதே 150 லிட்டரைத் தர 38 நிமிடம் ஆகும். இரண்டு பெட்டி என்றால் 19 நிமிடம். மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான், தொட்டி கொடுப்பது முன்கூட்டியே சேர்த்து வைத்த ஒரு தொடக்கம் மட்டும். வருஷத்தில் ஒரு விடியலுக்காக அந்தத் தொடக்கம் வேண்டுமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மாதச் செலவில்தான் ஸ்டோரேஜ் கையைக் கடிக்கிறது. தாராளமாகத் தண்ணீர் வருவதால் நாமும் தாராளமாகக் குளிக்கிறோம். நிமிடத்துக்கு 8 லிட்டர், பத்து நிமிடம் என்றால் 80 லிட்டர். இன்ஸ்டன்ட் பெட்டியில் ஆகும் 40 லிட்டருக்கு அப்படியே இரு மடங்கு, மாதம் 50 வெள்ளி. சுவிட்சை நாள் முழுவதும் அணைக்காமல் விட்டால் தொட்டியிலிருந்து கசியும் சூட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம். நாளொன்றுக்கு ஒரு யூனிட் அப்படிப் போனால் மாதம் 9 வெள்ளி. குளிப்பதற்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்னால் போட்டு, குளித்ததும் அணைப்பதுதான் முறை. எங்கள் வீட்டில் அது பத்து நாளைக்கு ஒருமுறைதான் நடந்தது.

தேசிய சுற்றுப்புற வாரியம் 2017-இல் நடத்திய ஆய்வில், ஒரு வீட்டின் மின்சாரத்தில் சராசரியாக 11 விழுக்காடு சுடுதண்ணீருக்குப் போவதாகத் தெரிந்தது. ஏர்கானுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் அடுத்து இதுதான்.

சின்னப் பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இன்னொன்றையும் யோசியுங்கள். 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். கலக்கும் குழாயைத் தவறான பக்கம் திருப்பினால் ஸ்டோரேஜில் அந்தத் தண்ணீர் நேராக மேலே விழும். வெப்பநிலையைத் தானாகக் கட்டுப்படுத்தும் குழாய் வாங்கலாம், ஆனால் அதுவும் ஒரு செலவு.

கேஸ் ஹீட்டர்

"கேஸ் மலிவு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்பியிருந்தேன். குழாய் எரிவாயு யூனிட்டுக்கு, வரியோடு சேர்த்து, 24 அல்லது 25 காசு வருகிறது. மின்சாரம் 30 காசு. பார்த்தால் மலிவுதான். ஆனால் சாதாரண கேஸ் ஹீட்டர் எரிக்கும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு சூடு புகையோடு வெளியே போய்விடும். மின் ஹீட்டரில் கிட்டத்தட்ட முழுதும் தண்ணீருக்கே போகிறது. அதையும் கழித்துப் பார்த்தால், அதே 40 லிட்டரைச் சூடாக்க கேஸிலும் 17 காசு, மின்சாரத்திலும் 17 காசு! இந்தக் கணக்கை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. மேலும் கேஸ் ஹீட்டர் தண்ணீரைக் கொட்டோ கொட்டென்று கொட்டும். அதனால் ஸ்டோரேஜ் மாதிரியே 80 லிட்டர் பழக்கம் வந்துவிடும்.

கேஸின் பலம் வேறு. அது மெயின் சுவிட்சைத் தொடுவதே இல்லை. 30 ஆம்ப் வீட்டில் ஆறேழு பேர், இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள் என்றால் கேஸ்தான் என் முதல் பரிந்துரை. தண்ணீர் தீர்வதும் இல்லை.

மாட்டும் செலவுதான் இதில் கனம். பெட்டி 350 முதல் 700 வெள்ளி. கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிரே போகும். நல்ல காற்றோட்டமுள்ள இடம் வேண்டும், நம் வீடுகளில் அது சமையலறைக்குப் பின்னாலுள்ள சர்வீஸ் யார்டு. அங்கிருந்து குளியலறை வரை வெந்நீர்க் குழாய் இழுக்க வேண்டும், கேஸ் குழாயையும் நீட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்கு எல்லாம் சேர்த்து 1,000 வெள்ளியை ஒட்டி மதிப்பீடு வந்தது. கேஸ் வேலையை அதற்குரிய உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். சிலிண்டர் பயன்படுத்தும் வீடு என்றால் சிலிண்டர் வாயுவுக்கான மாடலைக் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூரின் குழாய் எரிவாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன், ஒன்றுக்குச் செய்த பெட்டியை மற்றதில் மாட்ட முடியாது.

குழாயில் முதலில் வரும் குளிர்ந்த தண்ணீர் வீணாகிறதே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். பத்து மீட்டர் குழாயில் ஒன்றரை லிட்டர்தான் நிற்கும். ஒரு கனமீட்டர் தண்ணீர் 3.24 வெள்ளி என்ற விலையில் அது அரைக் காசு. ஒரு வாளியில் பிடித்துத் தரை கழுவினால் அதுவும் வீணாகாது.

ஹீட் பம்ப்

4,000 வெள்ளி சொன்னது இதற்குத்தான். ஏர்கானைத் திருப்பிப் போட்டது போன்ற இயந்திரம். காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு கிடைக்கும், நம் ஊர்க் காற்று வருஷம் முழுக்கச் சூடாக இருப்பதால் இங்கே நன்றாகவே வேலை செய்யும். எனக்கு இது உண்மையாகவே பிடித்திருந்தது. எங்கள் ஐந்து பேருக்கு மாதச் செலவு 10, 11 வெள்ளியாகக் குறையும்.

ஆனால் 3,000 வெள்ளிக்குக் கிடைக்கும் சின்ன ஹீட் பம்பை வைத்துப் பார்த்தாலும், இன்ஸ்டன்ட் பெட்டியைவிட மாதம் 14 வெள்ளிதான் மிச்சமாகும். வருஷத்துக்கு 170 வெள்ளிகூட இல்லை. அரசாங்கம் கொடுத்த பருவநிலை பற்றுச்சீட்டுகளின் 400 வெள்ளியை இதற்கே கொடுத்தாலும் கூடுதல் விலையை எடுக்கப் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் இயந்திரமே மாற்ற வேண்டி வரலாம். சர்வீஸ் யார்டில் துணி காயப்போடும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். எட்டுப் பேர், மூன்று நான்கு குளியலறை உள்ள தரைவீட்டில் கணக்கு முற்றிலும் மாறும், அங்கே தயங்காமல் வாங்கலாம். சூரிய ஹீட்டரும் கூரை சொந்தமாக உள்ள தரைவீடுகளுக்குத்தான். வீவக வாசிகள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

மாட்டும் செலவு

நான் முதலில் போன ஒரு கடையில் "மாட்டிக்கொடுப்பதோடு 199 வெள்ளி" என்று பலகை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்து பார்த்ததும் பட்டியல் நீண்டது. பழைய தொட்டியைக் கழற்ற 50, புதிய ஒயர் இழுக்க 140, சுவிட்ச் 30, குழாய் இணைப்பு 40. மொத்தம் 459 வெள்ளி. அவர்கள் செய்தது சட்டப்படி தவறா என்பதல்ல என் வருத்தம். வீட்டைப் பார்க்காமல் சொல்லும் விலைக்கு அர்த்தமே இல்லை என்பதை அன்றைக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு நாள் விடுப்பு மிச்சமாகியிருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் விலையைப் பிரித்துக் கேட்டேன். பெட்டி எவ்வளவு, டிபி பாக்ஸிலிருந்து ஒயர் எவ்வளவு, குழாய் எவ்வளவு, பழையதைக் கழற்றி எடுத்துப்போக எவ்வளவு. இப்படிக் கேட்டதும் பேச்சே மாறியது. ஏற்கெனவே ஹீட்டர் இருந்த இடத்தில் அதே வகையை மாற்றுவதற்கு 50 முதல் 120 வெள்ளி. ஒயரே இல்லாத இடத்துக்குப் புதிதாக இழுக்க 120 முதல் 200 வெள்ளி, தூரத்தைப் பொறுத்தது.

ஒயரில் மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஹீட்டருக்குத் தனி ஒயர் வேண்டும், குளியலறைக்கு வெளியே இரண்டு முனையையும் துண்டிக்கும் 20 ஆம்ப் சுவிட்ச் வேண்டும். சுவரிலுள்ள சாதாரண மூன்று முள் பிளக்கில் ஹீட்டரைச் செருகக் கூடாது. 13 ஆம்ப் பிளக்கில் நீண்ட நேரம் அந்தச் சுமை ஓடினால் பிளக்கே உருகும். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் இதைச் செய்ய வேண்டும், பேசி முடிப்பதற்கு முன் அவருடைய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், தவறாக நினைக்க மாட்டார். குழாயை மாற்றி இழுக்கும் வேலை இருந்தால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் வேண்டும். பெட்டியில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மலிவுப் பெட்டிகளில் அது இருப்பதில்லை.

1985 ஜூலைக்கு முன்பு கட்டிய வீடுகளில் இருப்போர் மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 30 மில்லிஆம்ப் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் கருவி அது. 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். ஈரக் கையோடு நிற்கும் இடத்தில் மின்சாரத்தைக் கொண்டுவருகிறோம், அதனால் அது இல்லாத வீட்டில் எந்த மின் ஹீட்டரையும் மாட்டாதீர்கள்.

புதிய பிடிஓ வீட்டுக்காரர்களுக்கு (வீவகவிடம் முன்பதிவு செய்து கட்டி வாங்கிய வீடு) ஒரு வார்த்தை. முதல் மூன்று ஆண்டு குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை உடைக்க அனுமதி இல்லை. ஒயரையும் குழாயையும் சுவருக்குள் மறைக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் அதை நினைவூட்டுங்கள். ஓட்டின் மேலேயே பெட்டிக்குழல் போட்டு இழுத்தால் போதும், செலவும் குறையும்.

எங்கள் முடிவு

கடைசியில் இரண்டு வழிகள்தான் மிச்சம். பழைய இடத்திலேயே 25 லிட்டர் ஸ்டோரேஜ், எல்லாம் சேர்த்து 440 வெள்ளி. அல்லது இரண்டு இன்ஸ்டன்ட் பெட்டி 380, முதல் பெட்டியைப் பழைய ஒயரிலேயே இணைக்க 60, இரண்டாவதற்குப் புது ஒயர் 180, பழைய தொட்டியைக் கழற்றிக் குழாயை அடைக்க 80, ஆக 700 வெள்ளி. கையிலிருந்து போவது 260 வெள்ளி அதிகம். எங்கள் பழைய 8 லிட்டர் ஷவர் பழக்கத்தோடு ஒப்பிட்டால் மாதம் 25 வெள்ளி மிச்சம், பதினோரு மாதத்தில் அது திரும்பிவிடும்.

மனைவி நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "ஸ்டோரேஜை வெச்சுக்கிட்டு ஷவர் தலையை மட்டும் மாத்தினா?" நல்ல கேள்வி, ஏனென்றால் நீர்ச்சிக்கன முத்திரையில் மூன்று டிக் உள்ள ஷவர் தலை நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் விடாது. பருவநிலை பற்றுச்சீட்டில் அதை வாங்கவும் முடியும். 2024-இல் 300 வெள்ளியும் 2025-இல் 100 வெள்ளியும் வீவக குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள், 2027 டிசம்பர் 31 வரை செல்லும். அப்படிச் செய்தால் ஸ்டோரேஜின் மாதச் செலவு 50-இலிருந்து 31 வெள்ளியாக இறங்குகிறது. இன்ஸ்டன்டோடு இடைவெளி 6 வெள்ளிதான், கூடுதல் 260 வெள்ளியை எடுக்க மூன்றரை ஆண்டு ஆகும். பண விஷயத்தில் மட்டும் பார்த்தால் அவர் சொன்ன வழியும் சரியே. புது ஹீட்டர் வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட அந்த ஷவர் தலையை இந்த வாரமே மாற்றலாம்.

எங்களை இன்ஸ்டன்ட் பக்கம் சாய்த்தது அம்மா. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, சுவிட்சைப் போட்டு, இருபது நிமிடம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு காத்திருப்பார். கொதிக்கும் தண்ணீர் மேலே பட்டுவிடுமோ என்ற பயம் வேறு. பொத்தானை அழுத்தியதும் அளவான சூட்டில் தண்ணீர் வருவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். சீலிங்கின் மேல் 25 கிலோ தண்ணீர் தொங்கவில்லை என்பதும் எனக்கு நிம்மதி.

மின்பணியாளர் வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் வருகிறார், துளைபோடும் சத்தம் இருப்பதால் வார நாள்தான் சரி. பழைய ஒயரின் தடிமனை அளந்து பார்த்த பிறகே முதல் பெட்டியை அதில் இணைப்பேன் என்று சொல்லியிருக்கிறார். பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பெட்டியையும் ஒன்றாக ஓடவிட்டு, ஏர்கானையும் போட்டு, மெயின் சுவிட்ச் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியிலிருக்கும் சோதனைப் பொத்தானையும் அழுத்திக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பெட்டியை அவர் உயரத்துக்கு ஏற்ப, கை எட்டும் இடத்தில் மாட்ட வேண்டும் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.